கப்பற் பயணத்தில் வோக்கி-டோக்கி: ஒரு சிந்தனை



மார்ச் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் நம்மவர் குடும்பங்கள் உல்லாசக் கப்பல்களில் பயணம் செய்வது வழமையாகிவிட்டது. மியாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கும், வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கும் அப்பம்மா முதல் கைக்குழந்தை வரை பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து போகிறோம். உடுப்பு, மருந்து, ஊறுகாய்ப் போத்தல் ஆகியவற்றுடன் சிலரது பெட்டிகளில் இரண்டு மூன்று சோடி வோக்கி-டோக்கிகளும் போகின்றன. இக்கருவியைக் கப்பலில் எப்படிப் பாவிப்பது முறை என்பது சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு பெரிய அறக் கேள்வி இருக்கிறது. நம்முடையவர்கள் மீது நாம் கொண்ட அக்கறை, அயலவருடைய அமைதிக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம்? இதைப் பற்றியே இம்முறை சிந்திக்க விரும்புகின்றோம்.

கருவி வந்த வழி

கையில் கொண்டு திரியக்கூடிய இருவழி வானொலியை முதலில் உருவாக்கியவர்களுள் ஒருவர் கனடாவைச் சேர்ந்த டொனால்ட் ஹிங்ஸ். 1937இல், தொலைதூரக் காடுகளில் வேலை செய்த சுரங்க நிறுவனத்தினரின் தேவைக்காக அவர் அதைச் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது அது போர்க்களம் சென்றது. நெடுங்காலம் இராணுவத்தினர், பொலிசார், தொழிலாளர் கைகளில் இருந்த இக்கருவி வீடுகளுக்குள் பரவலாக நுழையக் காரணமானது 1996இல் அமெரிக்க அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு எடுத்த முடிவு. 462, 467 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில் 14 அலைவரிசைகளை அரை வாட் வலுவில் எந்தக் குடும்பமும் அனுமதிப்பத்திரமின்றிப் பாவிக்கலாம் என்று அது அறிவித்தது. 2017இல் விதிகள் மாற்றப்பட்டு, அலைவரிசைகள் 22 ஆகவும், அவற்றுட் பலவற்றில் வலு 2 வாட் வரையும் உயர்த்தப்பட்டன.

அன்று கப்பல்களில் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. இன்று வேலை செய்தாலும், நடுக்கடலில் செய்மதி வழியாகச் செல்லும் அழைப்புக்குக் கட்டணம் அதிகம். கப்பல்களோ வளர்ந்துகொண்டே போகின்றன. 2024 ஜனவரியில் முதற் பயணம் புறப்பட்ட 'ஐக்கொன் ஒஃப் த சீஸ்' என்ற கப்பல் சுமார் 365 மீற்றர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. நிறையும்போது சுமார் 7,600 பயணிகள் அதில் இருப்பார்கள். நம் நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அத்தனை பேர் இருப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடும் தாயின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

தேவை உண்மையானதே

எனவே, "இதெல்லாம் எதற்கு?" என்று எடுத்த எடுப்பில் கண்டிப்பது நியாயமாகாது. ஆங்கிலம் அதிகம் தெரியாத, கண் பார்வை குறைந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். எல்லாத் தளங்களும் அவருக்கு ஒன்று போலவே இருக்கும். எல்லாக் கதவுகளும் ஒரே நிறம். லிப்டில் தவறான இலக்கத்தை அழுத்திவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. செயலியைத் திறந்து செய்தி தட்டுவது அவரால் இயலாது. ஒரு பொத்தானை அழுத்தி "தம்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை" என்று சொல்ல முடிந்தால், அவர் பயமின்றிக் கபினை விட்டு வெளியே வருவார். இல்லாவிட்டால் ஏழு நாட்களும் நான்கு சுவர்களுக்குள்ளேயே இருந்துவிடுவார். ஒருவருடைய பயத்தைப் போக்கும் கருவியை வெறும் தொல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, கருவி நல்லதா கெட்டதா என்பதில் நாம் நிற்கவில்லை. அதை எந்த மனத்துடன் பாவிக்கிறோம் என்பதையே கேட்கின்றோம்.

பேசும்போது காது கேளாத கருவி

வோக்கி-டோக்கிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். இதில் அப்படியல்ல. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை நமது குரல் மட்டுமே போகும். அந்த நேரத்தில் வேறு எவர் குரலும் நமக்குக் கேட்காது. அதே அலைவரிசையில் வேறொரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், நமது குரல் அவருடைய குரலை மூடிவிடும். மூடியது நமக்குத் தெரியவும் மாட்டாது. அதனாலேயே இக்கருவியைப் பாவிப்போருக்கு முதற் பாடமாகச் சொல்லப்படுவது: பேசுமுன் சற்றுக் கேள். அலைவரிசை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, பின் சுருக்கமாகச் சொல்லி, பொத்தானை விடு. தொழில்நுட்ப விதியாக எழுதப்பட்ட இது, வீட்டிலும் சபையிலும் நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கமும் அல்லவா?

இந்த 22 அலைவரிசைகளும் எவருக்கும் சொந்தமானவை அல்ல. ஆயிரக்கணக்கான பயணிகள் உள்ள கப்பலில் அவை ஊர்ப் பொதுக் கிணறு போன்றவை. யாரும் அள்ளலாம். ஆனால் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்க ஒருவருக்கும் உரிமையில்லை.

இன்னொரு விடயமும் அறிந்திருத்தல் நன்று. கப்பல் ஊழியர் தமக்குள் பேசுவதற்கென்று சர்வதேச விதிகளின்படி ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் 467.550, 467.575 மெகாஹேர்ட்ஸ் ஆகியவையும் அடங்கும். வட அமெரிக்கக் குடும்ப வானொலியின் 8ஆம் அலைவரிசை 467.5625 மெகாஹேர்ட்ஸ். அதாவது அவ்விரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. கயிறு கட்டுபவரோ, தீயணைப்புப் பயிற்சி நடத்துபவரோ பேசும் இடத்துக்கு மிக அருகில், "அம்மா, ஐஸ்கிறீம் எந்தத் தளத்தில்?" என்ற குரல் போகக்கூடும். விளையாட்டுக்காக ஒரு சிறுவன் "காப்பாற்றுங்கள்" என்று கத்தினால் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நமக்குச் சிறிதாகத் தோன்றும் செயலின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

"எங்கள் பாஷை யாருக்கு விளங்கும்?"

நம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. தமிழில் பேசினால் மற்றவருக்கு விளங்காது, ஆகவே எதையும் எவ்வளவு சத்தமாகவும் பேசலாம் என்பது அது. இதில் இரண்டு தவறுகள் உள்ளன.

முதலாவது, விளங்காத பேச்சு தொல்லையில்லை என்று எண்ணுவது. உண்மையில் விளங்காத பேச்சு, கேட்பவருக்கு வெறும் சத்தம். அதுவும் வோக்கி-டோக்கியின் கரகரப்போடும் 'பீப்' ஒலியோடும் சாப்பாட்டு மேசையில் வந்து விழும்போது, பக்கத்து மேசையில் இருப்பவர் எழுந்து போகவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் இருப்பார். அவர் பல வருடம் சேமித்து அந்தப் பயணத்துக்கு வந்தவராக இருக்கலாம். துக்கத்தை ஆற்ற வந்தவராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, யாருக்கும் விளங்காது என்று நம்புவது. இன்று தமிழர் இல்லாத இடம் எது? உல்லாசக் கப்பல்களில் பணிபுரிவோரில் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் பலர். தட்டு எடுக்க வந்த பையன் தமிழ்ப் பிள்ளையாக இருக்கக்கூடும். அவரைப் பற்றியோ, உடன் வந்த மருமகளைப் பற்றியோ, மறு கபினில் இருக்கும் சம்பந்தி பற்றியோ காற்றில் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கருவியில் 'அந்தரங்கக் குறியீடு' என்று ஒன்று இருப்பதால் பேச்சு இரகசியமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறர் பேச்சு நமக்குக் கேட்காமல் வடிகட்டுமே தவிர, நமது பேச்சைப் பிறரிடமிருந்து மறைக்காது. வள்ளுவர் புறங்கூறாமையை 19ஆம் அதிகாரமாகவும், பயனில சொல்லாமையை அடுத்து 20ஆம் அதிகாரமாகவும் வைத்தார். பொத்தானை அழுத்துமுன் இவ்விரண்டையும் நினைவுகூர்ந்தால் போதும்.

மறுப்பாகச் சொல்லப்படுவன

சிலர் சொல்வார்கள்: "கப்பலே ஒரே சத்தம். பாண்ட் வாத்தியம், பிள்ளைகளின் கூச்சல், சூதாட்ட இயந்திரங்கள். எங்கள் சிறிய கருவியா பெரிதாகிவிட்டது?" பாண்ட் வாத்தியம் ஒலிக்கும் இடத்துக்கு விரும்பியவர் போகிறார், விரும்பாதவர் விலகுகிறார். ஆனால் நூலகத்தில், நாடக அரங்கில், இரவு பதினொரு மணிக்குக் கபின்களின் நடைபாதையில் நமது கருவி ஒலித்தால் விலகிப் போக வழியில்லை. சத்தத்தின் அளவை விட, விலகுவதற்கு வழி உண்டா என்பதே முக்கியம்.

வேறு சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரருடைய நாகரிகம். நாங்கள் ஏன் அவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்?" என்பார்கள். இக்கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. புலம்பெயர்ந்து வந்தவர்கள் எப்போதும் குனிந்தே நடக்க வேண்டும் என்பதில்லை. நமது சிரிப்பும் கலகலப்பும் குறையானவை அல்ல. ஆனால் நோயாளி படுத்திருக்கும் வீட்டில் குரலைத் தாழ்த்துவதும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காக வானொலியைக் குறைப்பதும், செத்த வீடு நடக்கும் தெருவில் பாட்டுப் போடாமல் விடுவதும் யாருடைய நாகரிகம்? நாம் பிறந்த மண்ணில் பாட்டன் பாட்டிமார் கற்றுத் தந்தவை அவை. அங்கு அயலவருக்குச் செய்ததை இங்கு அந்நியருக்கும் செய்யச் சொல்கின்றோம். மேலும், "மற்றவர் என்ன நினைப்பார்" என்பதற்காக மட்டும் அடங்கும் ஒழுக்கம், பார்ப்பவர் இல்லாத இடத்தில் மறைந்துவிடும். மற்றவருக்கு என்ன நேர்கிறது என்பதற்காக அடங்குவதே நிலைத்து நிற்கும்.

அக்கறையா, காவலா?

இன்னொரு பக்கமும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையின் இடுப்பில் கருவியைக் கொழுவிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "எங்கே நிற்கிறாய்? யாரோடு நிற்கிறாய்?" என்று கேட்பது பாதுகாப்பா? நண்பர் நடுவில் அப்பிள்ளை கூசி நிற்கும். பிறகு, பற்றரி முடிந்துவிட்டது என்று சாக்குச் சொல்லக் கற்றுக்கொள்ளும். "ஆறரை மணிக்கு ஐந்தாம் தளப் படிக்கட்டடியில் சந்திப்போம்" என்று சொல்லி அனுப்பினால், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வாய்ப்பை அதற்குக் கொடுக்கிறோம். வந்து நின்றால் நம்பிக்கை வளரும். பிந்தினால் பேசித் திருத்தலாம். கருவியால் பிள்ளை நிற்கும் இடத்தை அறியலாம், அதன் பொறுப்புணர்வை அறிய முடியாது. வயது வந்த பிள்ளைகளை எண்ணி அழும் பெற்றோர் பலர் நம்மிடையே இருக்கும் இக்காலத்தில் இது சிந்திக்க வேண்டியதொன்று.

சில நடைமுறைக் குறிப்புகள்

1. புறப்படுமுன் கப்பல் நிறுவனத்தின் விதிகளைப் படியுங்கள். சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. கப்பலில் கப்டனின் சொல்லே இறுதியானது.

2. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. ஐரோப்பாவில் 446 மெகாஹேர்ட்ஸ் கருவியை அனுமதிப்பத்திரமின்றிப் பாவிக்கலாம். வட அமெரிக்காவில் வாங்கியதை அங்கு பாவிப்பது சட்டமீறல். அங்கு வாங்கியதற்கு இங்கும் அதே கதிதான். துறைமுகத்தில் இறங்கியதும் அந்நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறோம் என்பதை மறவாதீர்கள்.

3. 8ஆம் அலைவரிசையைத் தவிருங்கள்.

4. காதுக்குள் வைக்கும் இயர்போனைப் பொருத்துங்கள். அழைப்பு மணியையும் 'பீப்' ஒலியையும் நிறுத்திவிடுங்கள்.

5. சாப்பாட்டு மண்டபம், அரங்கு, நூலகம், வழிபாட்டு இடம் ஆகியவற்றில் அணைத்துவிடுங்கள். அவசரமானால் வெளியே சென்று பேசுங்கள்.

6. பாதுகாப்புப் பயிற்சியின்போது கட்டாயமாக அணைத்துவிடுங்கள். 2012இல் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் விபத்துக்குப் பின், 2015 முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே இப்பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் ஆபத்துக்கான அடையாளம். அதையும் அறிவித்தலையும் கேட்கவிடாமற் செய்வது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

7. கருவியையே முழுமையாக நம்பாதீர்கள். இரும்புச் சுவர்களும் தளங்களும் அலையைத் தடுக்கும். முதியோரின் சட்டைப்பையில் கபின் இலக்கமும் பேரப்பிள்ளையின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும்.

8. சிறுவர்களுக்குக் கருவியைக் கொடுக்குமுன் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள்: "முதலில் கேள், பிறகு பேசு."

நிறைவாக

அந்த மூதாட்டிக்காக நாம் கருவியை எடுத்துச் செல்கின்றோம். அவருடைய குரல் வரும்போது கேட்பதற்கு அலைவரிசை வெறுமையாக இருக்க வேண்டும். நமது வீண் பேச்சால் அதை நிரப்பி வைத்தால், அவர் கூப்பிடும் நேரத்தில் நமக்கே கேட்காது. பிறருக்காக மௌனம் காப்பது இவ்வாறு நம்முடையவர்களையும் காக்கிறது. அக்கறைக்கும் அடக்கத்திற்கும் இடையே பகையில்லை என்பதே நாம் கண்ட முடிவு. அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, வீட்டில் பெரியோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பிள்ளைகளிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் இருக்கக்கூடும்.

பயணங்கள் யாவும் நலமே அமைக.