கண்ணுக்குத் தெரியாத வலி

பல் மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவன் ஒருவன் முன், ஐம்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் வந்து அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலைத் தலைப்பால் ஒரு கன்னத்தை மூடியிருக்கிறார். காற்றுப் பட்டாலும், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும், மின்சாரம் தாக்கியதுபோல் தாடையில் வலி பாய்கிறதாம். சில நொடிகளில் மறைந்து, மீண்டும் வருகிறதாம். "தம்பி, இந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துவிடுங்கள்; உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்று கெஞ்சுகிறார். மாணவன் பல்லைத் தட்டிப் பார்க்கிறான். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறான். சொத்தை இல்லை; சீழ் இல்லை; ஈறும் நலமாகவே உள்ளது. இனி அவன் என்ன செய்ய வேண்டும்?

இது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. அறநெறிக் கேள்வியும் ஆகும். அவன் முன் இரண்டு எளிய வழிகள் உள்ளன. "ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவது ஒன்று. கேட்டபடியே பல்லைப் பிடுங்கிவிடுவது மற்றொன்று. முன்னது இரக்கமின்மை என்பது எவருக்கும் விளங்கும். பின்னதோ இரக்கத்தின் தோற்றத்திலேயே வருகிறது. ஆகவே அதை இனங்காண்பது கடினம்.

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுசெல்வது 'டிரைஜெமினல்' எனப்படும் நரம்பு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்று கிளைகளாக அது பிரிகிறது. மூளையை ஒட்டிய இடத்தில் ஓர் இரத்தக் குழாய் இந்நரம்பை அழுத்தும்போது, பல்லில் வலிப்பது போன்றே நோயாளி உணரக்கூடும். பல்லின்மீது குற்றம் ஏதுமில்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் தீராத இத்தகைய தாடை வலியைப் பற்றி 1778ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆயினும் நலமான பற்களை இழந்த பின்னரே தம் நோய் இன்னதென்று அறிபவர்கள் இன்றும் உள்ளனர். வலிப்பு நோய்க்குரிய கார்பமசிபின் என்னும் மருந்து 1962 முதல் இந்நோய்க்கும் பயன்பட்டு, பலருக்கு ஆறுதல் தந்துவருகிறது. மருந்தால் தணியக்கூடிய நோய்க்குப் பல்லைப் பறிகொடுப்பது எத்துணைப் பெரிய இழப்பு!

வேறு காரணங்களும் உண்டு. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவருக்கு, மெல்லும் தசைகள் களைத்து வலிக்கலாம். தாடை மூட்டு பழுதுபட்டிருக்கலாம். மாரடைப்புக்கூடச் சிலருக்குத் தாடை வலியாக வெளிப்படுவதுண்டு.

இவற்றை மாணவனுக்குக் கற்பிப்பது எப்படி? அவன் இத்தனை பற்களைப் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை பற்களை அடைத்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் கணக்கு வைக்கிறார்கள். எத்தனை பேர் சொன்னதைப் பொறுமையுடன் கேட்டான் என்பதற்குக் கணக்கேடு இல்லை. ஆனால் முகவலியில் நோயை அறிய முதன்மையான கருவி நோயாளியின் சொல்லே. வலி எப்போது வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? எது அதைத் தூண்டுகிறது? இக்கேள்விகளைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருக்க ஆசிரியர் பழக்க வேண்டும். வலியை ஆராயும் பன்னாட்டுக் கழகம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

திருவிவிலியம் இதை முன்னரே நமக்குக் காட்டியுள்ளது. பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது அனைவருக்கும் தெரியும். ஆயினும் இயேசு, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டார். யோபுவின் நண்பர்களையும் எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களே. காரணத்தைத் தாங்கள் அறிந்துவிட்டதாக எண்ணிப் பேசத் தொடங்கியபோதுதான் தவறினர். ஒருவருடைய வலியை நம்புவதும், அதன் காரணத்தைப் பற்றி அவசரப்படாதிருப்பதும் ஒரே அன்பின் இரு கடமைகள்.

நோயாளியை நம்புவது என்றால் அவர் கேட்பதையெல்லாம் செய்வது என்று பொருளன்று. "உங்கள் வலி உண்மை, அம்மா. ஆனால் இந்தப் பல் அதற்குக் காரணம் என்று தோன்றவில்லை. எனக்குத் தெரியாததை என் ஆசிரியரிடம் கேட்கிறேன், தேவையானால் நரம்பு மருத்துவரிடம் அனுப்புகிறோம்" என்று அந்த மாணவன் சொல்ல வேண்டும். தன் அறியாமையை ஒப்புக்கொள்ளத் தாழ்ச்சி வேண்டும். கெஞ்சும் கண்களுக்கு முன் கருவியைக் கீழே வைக்கத் துணிவும் வேண்டும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், துன்பத்தின் பொருள் பற்றி 1984ஆம் ஆண்டு எழுதிய திருத்தூது மடலில் நல்ல சமாரியர் உவமையை விரிவாகச் சிந்தித்தார். அந்தச் சமாரியர் கட்டியது கண்ணுக்குத் தெரிந்த காயம். நம் இல்லங்களிலோ காயம் தெரியாமல் வேதனைப்படுவோர் இருக்கிறார்கள். "எப்போது பார்த்தாலும் தலைவலி, முகவலி, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்று மருமகளைப் பற்றியோ, முதிய தாயைப் பற்றியோ எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல் மருத்துவ மாணவன் கற்க வேண்டிய பாடம் நமக்கும் உரியது. அவர்கள் அருகில் அமர்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்போம். சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.