கண் காணாத மூட்டம்

கார்த்திகைக் கூட்டத்தை வெறுங்கண்ணால் எண்ணினால் பெரும்பாலோர்க்கு ஆறு மீன்கள்தாம் தெரியும். அறுமீன் என்று முன்னோர் பெயரிட்டதும் அதனால்தான். என்னிடமுள்ளது அதிக விலையில்லாத சிறு தொலைநோக்கி. 30 மில்லிமீட்டர் வில்லை. பத்துப் பத்து வினாடியாக ஒரு மணி நேரம் எடுத்த 360 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நூற்றுக்கணக்கான மீன்களும், அவற்றைச் சூழ்ந்த நீல மூட்டமும் தெரிகின்றன.

“இது நிஜமா, ஜோடனையா?” என்றார் பக்கத்து வீட்டு ஆசிரியர்.

மூட்டம் நிஜம். மீன்களின் ஒளியைச் சிதறடிக்கும் தூசு அது. மாயா என்ற மீனைச் சுற்றிய மூட்டம் 1885-ல் பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் எடுத்த படத்தில்தான் முதலில் அகப்பட்டது. கண் அதைக் கண்டது பிறகுதான். கண்ணுக்கு எட்டாததெல்லாம் பொய்யென்றால், கிட்டப்பார்வைக்காரன் கதி என்ன?

ஆனால் 7 படங்களில் குறுக்கே செயற்கைக் கோள் ஓடிய கோடு இருந்தது. அவற்றை நீக்கினேன். மூட்டத்தின் ஒளி சுமார் 440 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. கோடோ அன்றிரவு என் தலைக்கு மேல் மெய்யாகவே நடந்தது. கண் காணாததை வைத்துக்கொண்டு, நடந்ததை அழிப்பது எந்த நியாயம்? ‘கார்த்திகைக் கூட்டம்’ என்று பெயரிட்டால் நியாயந்தான். ‘அன்றிரவு வானம்’ என்றால் அது பொய்.

ஆசிரியருக்குத் தந்த பிரதியின் பின்புறம், “353 படங்கள் சேர்ந்தது, 7 நீக்கியது” என்று எழுதினேன். அவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.