உடலின் ஹக்கும் இரவுத் தூக்கமும்

இன்றைய ஜும்ஆவில் தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பயான் நடக்கும்போது வருகிற தூக்கத்தைப் பற்றி அல்ல. இரவில் வராமல் போகிற, அல்லது நாமே விரட்டிவிடுகிற தூக்கத்தைப் பற்றி.

தூக்கத்தை இளைப்பாறுதலாகவும், இரவை ஆடையாகவும், பகலை வாழ்வாதாரம் தேடும் நேரமாகவும் ஆக்கியதாக அந்நபா அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். இந்த ஏற்பாடு வெளியே வானத்தில் மட்டும் இல்லை, நம் உடலுக்குள்ளும் இருக்கிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் அவர்களின் குழுவினர், கடிகாரமும் சூரிய வெளிச்சமும் எட்டாத தனி அறையில் மனிதர்களைத் தங்க வைத்து ஆராய்ந்தார்கள். நேரமே தெரியாத இடத்திலும் உடல் தன் கணக்குப்படி தூங்கியது, விழித்தது. மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம்தான் அதைத் தினமும் சரிசெய்கிறது. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இருட்டியதும் மெலடோனின் சுரக்கிறது. ஃபஜ்ர் நேரத்தை ஒட்டி கார்டிசால் ஏறி, நம்மை எழுப்பத் தயார் செய்கிறது. இரவு ஏற ஏற இன்சுலினின் வேலை மந்தமாகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடும் அதே பரோட்டா, இரவு பன்னிரண்டு மணிக்கு இரத்தத்தில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துவிட்டது, மாலையில் இறங்கியிருக்க வேண்டிய கார்டிசால் இறங்கவில்லை. 1999இல் வெளிவந்த ஆய்வு இது. நம் பிள்ளைகள் இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்ப்பது ஆறு இரவுகளோடு முடிகிறதா?

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியில் வருகிறது. "அப்படியானால் தஹஜ்ஜுத் தொழ வேண்டாமா ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார். தாவூத் (அலை) அவர்களின் தொழுகையைப் பாருங்கள்: பாதி இரவு தூங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று, பிறகு ஆறில் ஒரு பங்கு மறுபடியும் தூங்கினார்கள். நின்று வணங்கியதைவிடத் தூங்கிய நேரம் அதிகம்! இரவெல்லாம் வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உன் உடலுக்கும் உன் மீது ஹக்கு உண்டு என்ற கருத்தில்தான் நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். வணக்கத்துக்கே இந்த அளவு என்றால் கேரம் போர்டுக்கு என்ன சொல்வது?

ஆனால் சகோதரர்களே, எல்லோரும் விரும்பி விழித்திருப்பதில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், அந்தப் பக்கம் மூங்கில்துறைப்பட்டிலும் சர்க்கரை ஆலை அரவைக் காலத்தில் இரவும் பகலும் ஓடுகிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் லாரி ஓட்டுபவர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நம் சகோதரி, இவர்கள் ஹலாலான ரிஸ்குக்காகத் தூக்கத்தைக் கொடுக்கிறார்கள். வெயில் ஏறியபின் இவர்கள் படுத்தால் "சோம்பேறி" என்கிறோம். அது பெரிய அநியாயம். அவர்களுக்கு நள்ளிரவில் கனமான சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், படுக்கும் அறையின் ஜன்னலை மூடிக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் ஷிப்ட் மாறும்போது மாத்திரை நேரத்தைத் தானாக மாற்றாமல் டாக்டரிடம் கேட்கட்டும்.

நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும், தூங்குபவரை எழுப்பாத குரலில் ஸலாம் சொல்வார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஸலாமுக்கே இந்தப் பேணுதல். இன்று தொழுகை முடிந்து போகிறீர்கள். உங்கள் தெருவில் இரவு ஷிப்ட் முடித்து ஒருவர் படுத்திருப்பார். அவர் வீட்டு வாசலில் பைக் ஹாரன் அடிக்காதீர்கள். காலிங் பெல்லை அழுத்தும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.