பொண்ட் எழுதாத கடன்

போன மாரியில் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளி முடிந்து, பெற்றோர் வாகனத் தரிப்பிடத்தில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒரு பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டாள். பிள்ளை என்றுதான் வாயில் வருகிறது, வயது இருபத்தெட்டு. இதே பள்ளியில் என்னிடம் ஆனா ஆவன்னா படித்தவள். இப்போது ஜேர்மனியின் இன்னொரு நகரத்தில், மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள்.

"அன்ரி, நான் இதை விட்டிட்டால் பிழையா?" என்று கேட்டாள்.

"ஏன், அவ்வளவு கஷ்டமோ?"

"கஷ்டம் வேற. பிழையா எண்டுதான் கேக்கிறன். காசு வாங்கிட்டன் தானே."

நானும் இதே துறையில்தான் வேலை செய்கிறேன். ஆய்வுகூடத்தில் ஓர் இடத்துக்கு விளம்பரம் போட்டால் நூறுக்கு மேல் மின்னஞ்சல்கள் வரும். சென்னையிலிருந்து, கொழும்பிலிருந்து, பேராதனையிலிருந்து வரும். நிதியோடு கூடிய இடமா, எப்படி எடுப்பது, பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று தெரிந்தவர் பிள்ளைகள் எல்லாம் கேட்பார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. அந்த இடத்தை எடுத்து, இரண்டரை ஆண்டு சம்பளமும் வாங்கிய ஒருத்தி, எழுந்து போவது பிழையா என்று கேட்டபோது மட்டும் பதில் இருக்கவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் தலைமுறைக்கு இந்தக் கேள்விக்கு ஒரு தாளிலேயே பதில் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு ஆய்வுக்குப் போகிறவர் பொண்ட் எழுத வேண்டும். படித்து முடித்துத் திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணத்தைக் கட்டுவேன் என்ற உடன்படிக்கை. அதற்குப் பிணை நிற்க ஆட்கள் வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படிப் போனார். 83 வந்தது, அவர் திரும்பவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பிணை நின்ற இரண்டு பேர் பல ஆண்டுகள் அந்தப் பணத்தைக் கட்டினார்கள். அதில் ஒருவர் என் அப்பாவின் சிநேகிதர். அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. மாதக் கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கைமாற்று வாங்கிக்கொண்டு போவார்.

அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்துக்கு ஒரு சைக்கிளும் இருந்தது.

இங்கே பிள்ளைகள் வாங்கும் காசுக்கு முகமில்லை. அவள் கையெழுத்திட்டது பொண்ட் அல்ல, வேலை ஒப்பந்தம். ஈ 13 என்ற அரசுச் சம்பளப் படியில் 65 வீதம். தாளில்தான் 65 வீதம். ஆய்வுகூடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று எந்தத் தாளும் சொல்லாது. முந்தி ஜேர்மனியில் பல இடங்களில் இதைப் புலமைப்பரிசிலாகவே கொடுத்தார்கள். கையில் காசு வரும். ஓய்வூதியத்துக்கோ வேலையில்லாக் காலத்துக்கோ அதில் ஒன்றும் சேராது. ஆய்வு மாணவர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2015 இல் மக்ஸ் பிளாங்க் கழகமும் ஒப்பந்த முறைக்கு மாறியது. வெறும் கணக்கு வழக்கு மாற்றம்போலத் தெரியும். ஆனால் கொடை என்றால் நன்றி எதிர்பார்க்கப்படும். கூலி என்றால் மாதக் கடைசியில் கணக்கு முடிந்துவிடும்.

என்னோடு வேலை செய்யும் ஒரு ஜேர்மன்காரரிடம், யாரென்று சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சம்பளம் வாங்கினாள், வேலை செய்தாள். விருப்பமில்லாவிட்டால் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகட்டும். இதில் என்ன சரி பிழை?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவள் கேட்டது அவர் பதில் சொன்ன கேள்வியை அல்ல.

அவளுடைய அம்மா வேறு தொலைபேசி எடுத்தா. "படிக்கிறதுக்குக் காசும் குடுக்கிறாங்கள். வெள்ளைக்காரன்ர காசு. இனி என்ன வேணுமாம் இவளுக்கு? நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

இந்த 'வெள்ளைக்காரன்ர காசு' என்பதில்தான் நான் தட்டுப்பட்டு நின்றேன். அந்த ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கொடுப்பது டி.எஃப்.ஜி எனப்படும் ஜேர்மன் ஆராய்ச்சி மன்றம். அதன் அடிப்படை நிதியில் 58 வீதம் மத்திய அரசிடமிருந்தும் 42 வீதம் மாநிலங்களிடமிருந்தும் வருகிறது. அரசுக்கு எங்கிருந்து வருகிறது? வருமான வரியும், கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் ஒளிந்திருக்கும் விற்பனை வரியும். சவர்க்காரத்துக்கு 19 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு 7 வீதம். அவளுடைய அப்பா 80களின் கடைசியில் வந்து, இத்தாலிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கியவர். அதே குசினியில் சமையற்காரராகி, முதுகு போய், இப்போது வீட்டில் இருக்கிறார். வேலை அனுமதி கிடைத்த நாளிலிருந்து வரி கட்டியவர். அவள் தன்னுடைய அப்பாவின் காசிலும்தான் படிக்கிறாள். இதை அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பிடியெண்டால் இன்னும் பிழை தானே" என்றா.

அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

காசு எங்கிருந்து வந்தது என்று தோண்டத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எங்கள் துறையின் மிகப் புகழ்பெற்ற கதையே சாட்சி. ரோசலிண்ட் ஃபிராங்ளின் 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு டி.என்.ஏ ஆய்வுக்கு வந்தபோது அவருக்குப் படியளந்தது டேர்ணர் அன்ட் நியூவோல் புலமைப்பரிசில். அது ஓர் அஸ்பெஸ்ரஸ் கம்பனி. ஊரில் எங்கள் கூரைகளில் இருந்ததே, அதே சாமான். அந்தக் கம்பனியின் றொச்டேல் ஆலையில் அஸ்பெஸ்ரஸ் நூல் நூற்றவர் நெலி கேர்ஷோ. 1924 இல், 33 வயதில், அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தார். அவரைப் பற்றிய அறிக்கை அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. கம்பனி நட்டஈடு கொடுக்க மறுத்துவிட்டது. டி.என்.ஏயின் வடிவம் தெரிந்த அந்தப் புகழ்பெற்ற 51ஆம் இலக்கப் படத்தை, 1952 மே மாதத்தில், ஃபிராங்ளினின் மேற்பார்வையில் எடுத்தவர் றேமண்ட் கொஸ்லிங். அவர் அப்போது ஒரு கலாநிதிப் பட்ட மாணவர்.

நெலி கேர்ஷோவுக்கு அந்தப் படத்தால் யார் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் கடன் என்றால், எங்கள் துறையில் எவரும் கடன் தீர்த்ததில்லை.

அந்தக் கதையில் எனக்கு வேண்டியது வேறோர் இடம். ஃபிராங்ளின் தன்னுடைய மூன்றாண்டுப் புலமைப்பரிசில் முடியுமுன்பே, 1953 மார்ச்சில், கிங்ஸை விட்டு பேர்க்பெக் கல்லூரிக்குப் போய்விட்டார். டி.என்.ஏயை விட்டுவிட்டு, புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராயப் போனார். ஆனால் சும்மா எழுந்து போகவில்லை. கையிலிருந்த அளவீடுகளைக் கட்டுரைகளாக எழுதி அனுப்பிவிட்டுப் போனார். கொஸ்லிங்கின் ஆய்வேடு அரைவாசியில் நின்றது. இனி நியூக்ளிக் அமிலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று பழைய இடத்துத் தலைவர் கடிதம் எழுதிய பிறகும், அந்த மாணவருக்கு உதவுவதை அவர் நிறுத்தவில்லை.

இந்தப் பிள்ளையின் ஆய்வு இதுதான். சுண்டெலியின் இதயத் தசையில் வேலை செய்வதாக நினைக்கப்பட்ட ஒரு மரபணு. அதை நீக்கிய எலிகளை வளர்த்து, இதயத்தில் என்ன கெடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டரை ஆண்டு பார்த்தாள். ஒன்றும் கெடவில்லை. மரபணு உள்ள எலியும் இல்லாத எலியும் ஒரே மாதிரி. மேற்பார்வையாளர், எலிகளுக்கு வயது போகட்டும், இன்னொரு ஆண்டு பார், ஏதாவது தெரியும் என்கிறார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் நிதி கொடுத்தவருக்கு அறிக்கை எழுத வேண்டும்.

"எத்தனை எலி?" என்று கேட்டேன்.

சொன்னாள். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. இந்தத் துறைக்கு வெளியில் இருப்பவருக்கு அது அதிகமாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்குக் குறைவாகத் தெரியும். இரண்டும் உண்மையைச் சொல்லாது.

என் ஜேர்மன் நண்பரின் கணக்கில் விடுபட்டுப் போனது இதுதான் என்று அப்போது பட்டது. அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், சரி. எலிகளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? இந்த நாட்டில் விலங்குகளைக் காப்பது 2002 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு விலங்குப் பரிசோதனைக்கும் ஏன் வேண்டும் என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். ரசலும் பேர்ச்சும் 1959 இல் எழுதிய நூலிலிருந்து, மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்ற மூன்றையும் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அந்த எலிகள் செத்தது ஒரு கேள்விக்காக. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: ஒன்றும் கெடவில்லை. அந்தப் பதில் அவளுடைய லாச்சிக்குள் கிடந்தால், இன்னோர் ஊரில் இன்னொரு மாணவி அதே மரபணுவை நீக்கி, அதே எலிகளைக் கொன்று, இரண்டரை ஆண்டு கழித்து அதே வாகனத் தரிப்பிடத்தில் வந்து நிற்பாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 90களின் நடுவில் நான் ஒரு புலமைப்பரிசிலில் ஆய்வு செய்தேன். அப்போது யாழ்ப்பாணக் கடிதங்கள் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். அப்பா ஒவ்வொரு கடிதத்திலும், காசு தந்து படிப்பிக்கிற நாட்டுக்கு நன்றியோடிரு, பெயரைக் கெடுத்துப்போடாதே என்று எழுதுவார். நான்காம் ஆண்டில் ஒரு பரிசோதனையை ஐந்து முறை செய்தேன். மூன்று முறை எதிர்பார்த்த புரதப் பட்டை வந்தது, இரண்டு முறை வரவில்லை. வராத இரண்டையும் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு ஆய்வேட்டை எழுதினேன். ஒன்றில் உண்மையாகவே கோளாறு இருந்தது. மற்றதில் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது, அப்பா ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். சோம்பலிலோ பேராசையிலோ நான் அதைச் செய்யவில்லை. நன்றியில் செய்தேன். வெறுங்கையோடு போக வெட்கம். பிணை நின்றவரின் சைக்கிள் என் மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

அதனால்தான், இன்னும் ஓராண்டு இருந்தால் ஏதாவது தெரியும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது தெரியத்தான் செய்யும். பட்டம் எடுத்தே ஆக வேண்டும் என்று பார்க்கும் கண்ணுக்கு, வயதுபோன எலியின் இதயத்தில் எப்போதும் ஏதாவது தெரியும்.

அடுத்த முறை சந்தித்தபோது இவ்வளவையும் சொன்னேன். என் பட்டையையும் சொன்னேன். நீ தர வேண்டியது பட்டமல்ல என்றேன். நீ கண்டதை, காணாததையும் சேர்த்து, இன்னொருவர் எடுத்துப் பார்த்து நம்பக்கூடியபடி வைத்துவிட்டுப் போவதுதான். அதைச் செய்யாமல் பட்டத்தோடு போனாலும் பிழை. செய்துவிட்டுப் பட்டமில்லாமல் போனால் பிழையில்லை.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எண்டால் என்ர இடத்துக்கு வந்திருக்கக்கூடிய ஆள்?" என்றாள்.

ஆட்களைத் தெரிவு செய்யும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்பதால் அதற்கு ஒரு பதில் சொன்னேன். கடைசி மூன்று பேரில் யாரை எடுத்தாலும் சரிதான் என்ற நிலையில்தான் பெரும்பாலும் முடிவு வரும். அந்த முடிவின் பாரம் எங்களுடையது, உன்னுடையது அல்ல என்று. அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே நிற்கவில்லை. நான் எடுக்காமல் விட்ட ஒரு பெண்ணின் விண்ணப்பம் நினைவில் இருக்கிறது. கெட்டிக்காரி. மறுப்புக் கடிதத்துக்கு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தாள். இப்போது என்ன செய்கிறாளோ. இடம் கிடைத்தவள் எப்படிப் போனாலும் அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது சரி. அவளை நினைக்காமல் இந்தக் கணக்கை முடிக்க முடியவில்லை என்பதும் சரி.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் இருக்கப் போகிறாள். புதிதாக எலி வளர்க்கவில்லை. ஒன்றும் கெடவில்லை என்பதையே ஒரு கட்டுரையாக எழுத மேற்பார்வையாளர் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். மைனஸ் 80 பாகை குளிர்பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு குழாயும் எந்த எலியினுடையது, எந்த நாளில் எடுத்தது என்று பட்டியல் போடுகிறாள். நேற்று இரவு அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஏழு குழாய்களுக்கு நேரே, ஜேர்மனில், 'லேபல் அழிந்துவிட்டது, யாருடையது என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

அம்மா இன்னும் தொலைபேசி எடுக்கிறா.