முத்திரை யாருடையது?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துள் செப்பேடுகளையும் வெண்கலப் படிமங்களையும் நாடிச் செல்லும் ஒருவன், தன் எண்ணத்திற்குச் சிறிதும் தொடர்பில்லாத ரோமானிய சக்கரவர்த்தியின் முகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காசின்மேல் காண நேர்ந்தால், அவன் கோலார் தங்கவயலில் பிறந்தவனாகவும் இருந்துவிட்டால், அவன் உள்ளத்தில் எழும் வியப்பு பழைய கடல் வாணிபத்தோடு நின்றுவிடுவதில்லை. உலோகத்திற்கு மதிப்பளிப்பது எது, முகமா, பொன்னா, அல்லது அதைத் தோண்டிய கையா என்னும் வினா அவனை விடாது பற்றிக்கொள்கிறது.

பெங்களூரை அடுத்த யஷ்வந்தபுரத்தில் 1891-இல் அகப்பட்ட 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் காலத்தவை. டைபீரியஸ் தன் காசில் தன்னைத் தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் என்று பொறித்துக்கொண்டான். வரியைப் பற்றிக் கேட்டவர்களிடம் இயேசுநாதர் ஒரு காசை வாங்கி, இதிலுள்ள உருவம் யாருடையதென்று வினவிய காலத்தில் அவர் கையிலிருந்தது இவ்வகைக் காசே என்பது பலருடைய அபிப்பிராயம். ஆனால் 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்து, ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சென்றடைந்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். அவை நாணயமாகச் செலாவணியாவதைத் தடுக்கவே அவ்வாறு செய்தார்கள் என்று அறிஞர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், தெய்வ புத்திரனின் அதிகாரம் ஓர் உளிவெட்டோடு தீர்ந்துபோயிற்று; பொன்னோ குன்றிமணி அளவும் மாற்றுக் குறையவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்திலிருந்து எழுதியவரும், காஞ்சியில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரையொன்றில் குறிப்பிடுபவருமான புத்தகோஷர், அறிவின் படிகளை விளக்க விசுத்திமக்கம் என்னும் தம் நூலில் காசுக் குவியலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். குழந்தை அக்குவியலில் வடிவத்தையும் நிறத்தையும் மட்டுமே காண்கிறது. கிராமத்தான் அதனால் சுகங்களை வாங்கலாம் என்பதையும் அறிகிறான். நாணய நோட்டம் பார்க்கும் வண்ணக்கனோ, இது நல்லது, இது போலி, இது இன்ன ஊரில் இன்ன ஆசான் அடித்தது என்று தட்டிப் பார்த்தும் முகர்ந்தும் சொல்லிவிடுகிறான். வண்ணக்கனுடைய அறிவே பிரக்ஞைக்கு ஒப்பு என்கிறார் புத்தகோஷர்.

தமிழ்ப் பௌத்த இயக்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றிய தங்கவயலில் நின்று இந்த உவமையைச் சிந்திக்கும்போது, எனக்கு அது பாதிவழியில் நின்றுவிட்டதாகவே தோன்றுகிறது. வண்ணக்கனின் விவேகம் அக்கசாலை வரைதான் போகிறது, சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து, கேஜ் என்னும் கூண்டில் நின்று இருளுக்குள் இறங்கி, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை வெடிப்புக்கு அஞ்சியும் கல்தூசியை நுரையீரலில் ஏற்றுக்கொண்டும் உழைத்தவர்கள் கண்டது பொன்னையன்று, பாறையையே. பிற்காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்னே தேறியது. தொடக்க காலத்தில் உருக்கிய கட்டிகள் பெரும்பாலும் லண்டனுக்குக் கப்பலேறின. எந்த முகமும் பொறிக்கப்படாத நிலையில் பொன்னை அறிந்தவர்கள் இவர்கள் மட்டுமே. 1930-இல் சுரங்கக் கம்பெனி தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சக்கரவர்த்தி பிறர் தோண்டிய பொன்மேல் தன் முகத்தைப் பதித்தான். இவர்களோ பிறருடைய பதிவேட்டில் தங்கள் விரலைப் பதிக்க மறுத்தார்கள். உருவம் யாருடையது என்னும் பழைய வினாவுக்கு இதைவிடக் கௌரவமான விடையை நான் அறியேன்.

எப்பொருளும் தானாகத் தோன்றுவதில்லை, காரணங்களைச் சார்ந்தே தோன்றுகிறது என்பது பகவான் புத்தர் போதித்த சார்பிற்றோற்றம். அந்தத் தத்துவத்தை ஒப்புக்கொண்டவர்கள், காசின் எடையையும் மாற்றையும் அரசன் பெயரையும் அறிந்துவிட்டுத் தோண்டியவனை அறியாமலிருப்பதை ஞானமென்று கொள்ள முடியாது. பண்டைய உலகத்துச் சுரங்கங்களைப் பற்றி நமக்குச் செய்தி இல்லாமலும் இல்லை. எகிப்தின் பொற்சுரங்கங்களில் விலங்கிடப்பட்ட கைதிகள் இரவுபகலாக வதைபட்டதைக் கிரேக்க சரித்திராசிரியர் டியோடரஸ் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கியவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அருங்காட்சியகங்களை நடத்தும் பெரியோர்கள், பொற்காசுக்கு அருகில் வைக்கும் விவரச்சீட்டில் அரசனுக்கு ஒரு வரி ஒதுக்கினால், தோண்டியவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அந்த வரியை எழுதுமுன், சுரங்கத்தில் இறங்கிய இவர்களைக் கேட்டு எழுத வேண்டும்.