கேட்பவர் கடன்

முதியோர்க்கு ஆற்றும் பணிகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை எவரிடம் கேட்பது? மகனைக் கேட்பது எளிது. தாயைக் கேட்பதே முறை. சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டிலேயே மக்கள் கருத்தறிய அரசாங்கப் பிரிவொன்று தோன்றியது. எனினும், மன்றம் வர இயலாத மூத்தோரின் குரலை மன்றத்தில் கேட்டல் அரிது. 2014இல் முன்னோடித் தலைமுறைத் தூதர்கள் என்னும் தொண்டூழியர்கள் வீடுதோறும் சென்று, முதியோர் அறிந்த மொழியிலேயே உதவித் திட்டங்களை விளக்கினர். அவர்தம் குறைகளையும் கேட்டனர். நாடிச் சென்று கேட்டலே நன்று.

"எனக்கென்ன குறை?" என்று முதியவர் கூறுவதுண்டு. அது மனநிறைவா, பிறர்க்குச் சுமையாகிவிடுவோமோ என்னும் அச்சமா? அதனை உணரும்வரை பொறுத்திருப்பவரே உண்மையில் கேட்டவராவார். கேட்டபின் வாளாவிருத்தலோ கேளாமையினும் கொடிது. கேட்டவர் அக்கணமே கடன்பட்டவராகிறார்.