ஏற்பவனின் தர்மம்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கே போகிறவர்களுக்குச் சில கட்டை தூரத்தில் எதிர்ப்படுகிற நெளுக்குளத்திலிருந்து ஒரு கமக்காரர் யாழ்ப்பாணம் போகப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வவுனியாவில் புகையிரதம் ஏறுவாரானால், யுத்தத்தில் தண்டவாளமே இல்லாமற்போன ஓமந்தைக்கு வடக்கேயுள்ள பாதையில், இந்தியாவின் கடனைக் கொண்டு இர்கொன் என்னும் இந்திய நிறுவனம் புதிதாக இட்ட இரும்பின் மேல் போவார். பஸ் ஏறுவாரானால், சீன எக்சிம் வங்கியின் கடனைக் கொண்டு புனரமைக்கப்பட்ட ஏ-9 வீதியின் மேல் போவார். ஆசியாவின் இரண்டு பெரும் வல்லரசுகளின் போட்டியைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதுகிற நூல்களில் ஒன்றையேனும் அவர் படித்திருக்கமாட்டார். ஆயினும் அந்தப் போட்டி ஈன்ற இரண்டு பாதைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் அவரால் தம் மகளுடைய வீட்டுக்குப் போக முடியாது.

இதில் ஒரு தர்ம விசாரம் இருக்கிறது. அரசியல் நோக்கோடு ஒருவன் கொடுத்ததை ஏற்பவன், எதற்குக் கடமைப்படுகிறான்?

கொடுப்பவனைப் பற்றி நம் சாஸ்திரங்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. கைம்மாறு கருதிக் கொடுப்பதைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் ராஜஸம் என்று ஒரு படி இறக்கி வைத்தது. அதே கொடையைச் சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு உபாயங்களுள் இரண்டாவதாக வைத்து, அரசன் கூசாமல் பிரயோகிக்க வேண்டிய கருவி என்று கௌடில்யர் உபதேசித்தார். அண்டை நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன் என்ற அவருடைய மண்டலக் கணக்கின்படி பார்த்தால், இமயத்துக்கு வடக்கே இருப்பவன் இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் இலங்கையைத் தேடி வருவதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. இரண்டு பலவான்களுக்கு நடுவில் அகப்பட்ட பலவீனன், காக்க வல்லவனை அடையலாம், அல்லது இருவரோடும் சமமாகச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கொழும்பின் வெளிநாட்டுக் கொள்கை எழுபது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்கு வியாக்கியானம் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆனால் கௌடில்யர் பேசுவது அரசனோடு. அரசனுக்குக் கீழே வயலில் நிற்கிறவனோடு அவருக்குப் பேச்சில்லை.

இந்தத் தீவு பெற்ற காணிக்கைகளுள் மிகவும் விசித்திரமானது 1911ஆம் ஆண்டு காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கும் கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. சீனத்து மிங் சக்கரவர்த்தியின் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல், 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் மூன்று மொழிகளில் பேசுகிறது: சீனத்தில் புத்தபகவானுக்கும், தமிழில் திருமாலின் வடிவமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கை. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, நூறு பட்டு, வாசனைத் தைலம், விளக்கு என்று நீளும் பட்டியலில் ஒரு தெய்வத்துக்கும் மறு தெய்வத்துக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. பிறப்பால் முஸ்லிமான ஒரு தளபதி, பௌத்தனுக்கும் வைஷ்ணவனுக்கும் அவரவர் பாஷையில், அவரவர் தெய்வத்தின் பெயரால், குறைவின்றிக் கொடுத்தான் என்பதைப் படிக்கும்போது, சமரசம் என்று நாம் மேடையில் பேசுவதெல்லாம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டுவிட்டதே என்று மனம் நெகிழும். ஆனால் இரண்டு வருஷங்கழித்து, 1411இல், அதே தளபதி இத்தீவின் ஆட்சியாளன் அழகக்கோனாரனைப் போரில் பிடித்துக் கப்பலேற்றிச் சீனத்துக்குக் கொண்டுபோனான். சக்கரவர்த்தி பின்னர் அவனை விடுதலை செய்தார் என்பது வேறு கதை. அப்படியானால் அந்தக் காணிக்கை பொய்யா? தெய்வங்கள் அதை ஏற்றிருக்குமா? கற்றோர் இதற்கு அரசியல் விடை சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, கோயிலில் ஏற்றிய விளக்கு எரிந்த மட்டும் அது விளக்குத்தான். ஏற்றியவனுடைய கப்பலில் என்ன இருந்தது என்பது அரசன் விசாரித்திருக்க வேண்டிய காரியம்.

அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாஹியான் என்னும் சீனத் துறவி வட பாரதத்தைச் சுற்றிவிட்டு அநுராதபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் தங்கினார். வவுனியாவிலிருந்து அநுராதபுரம் அரைநாட் பயணங்கூட அன்று. அங்கே அபயகிரி விகாரையில் புத்தர் சிலைக்கு முன்னால் யாரோ ஒரு வர்த்தகன் வைத்துவிட்டுப் போன வெண்பட்டு விசிறியைக் கண்டு, அது தம் நாட்டுப் பட்டென்று அறிந்து, அந்தத் துறவி கண்ணீர் விட்டார். அந்த விசிறி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, கல்வெட்டும் இல்லை. பாரதமும் சீனமும் ஒன்றுக்கொன்று தந்தவற்றுள் நிலைத்து நின்றவை பெரும்பாலும் இவ்விதம் பெயரறியாதார் கையால் வந்தவையே என்பது என் அபிப்பிராயம்.

சைவர்களாகிய நமக்குச் சீனத்தோடு இன்னொரு சம்பந்தமும் உண்டு. வன்னியின் குளக்கட்டுக் கோயில்களில் நாம் கும்பிடுகிற மூர்த்திகளின் தந்தை வீற்றிருக்கும் கைலாசம் இன்று சீன நிர்வாகத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி பீக்கிங்கில் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கையின் முகவுரையிலேதான் பஞ்சசீலம் என்று உலகம் புகழ்ந்த ஐந்து கொள்கைகள் இடம்பெற்றன; அதன் உள்ளே, இந்திய யாத்திரிகர் கைலாசத்துக்கும் மானசரோவரத்துக்கும் வழக்கம்போல் போய்வரலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. எட்டு வருஷ ஆயுள் கொண்ட அந்த உடன்படிக்கை 1962 ஜூனில் காலாவதியாயிற்று. அக்டோபரில் யுத்தம் வந்தது. சமாதானம் பேச ஆறு நாடுகளைத் திரட்டி டிசம்பரில் கொழும்பில் மாநாடு கூட்டினவர் அன்றைய நம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. இடையில் நின்றுபோன யாத்திரை 1981இல் மறுபடி திறந்தது, 2020இல் கொள்ளைநோயாலும் எல்லையில் நிகழ்ந்த கல்வான் மோதலாலும் அடைபட்டது, 2025இல் மீண்டும் திறந்தது. ஈசனைக் காணப் போகிறவனுடைய பாதை இப்படி இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது. பஞ்சசீலம் என்று பெயர் வைத்தார்களே, பௌத்தன் ஏற்கும் சீலம் அவன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் விரதம். அயலான் கொன்றாலும் தான் கொல்வதில்லை என்பதே அதன் உயிர். 1954இன் ஐந்தோ பரஸ்பரம் என்ற நிபந்தனையின் மேல் நின்றவை, ஒருவன் கையை எடுத்தவுடன் மற்றவனுக்கும் கட்டு இல்லை.

இரண்டு வல்லரசுகளும் எப்போதும் எதிரெதிரே நிற்கின்றன என்று எண்ணுவதும் சரியன்று. 2009ஆம் ஆண்டு, முள்ளிவாய்க்காலிலிருந்து வெளிவந்த ஜனங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முள்வேலிக்குள்ளும், நெளுக்குளம் போன்ற இடங்களின் பாடசாலைக் கட்டடங்களிலும் நெருங்கிக் கிடந்த மே மாதம் 27ஆம் தேதி, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை, கொழும்பு அரசாங்கத்துக்கு அநுகூலமான பிரேரணை ஒன்றை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. அந்த 29இல் இந்தியாவின் கையும் சீனத்தின் கையும் சேர்ந்தே உயர்ந்தன. பிறகுதான் வீடும் வீதியும் வந்தன.

வந்தவற்றில் வீடு ஒன்றே பெரும்பாலும் நன்கொடை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில், வீட்டுக்காரரே நின்று கட்டிக்கொள்ளும்படி தவணை தவணையாக 550,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. கூரையில்லாதிருந்தவனுக்குக் கூரை கிடைத்தது. பின்பு 2018இல் 40,000 வீடுகளுக்கான ஒப்பந்தம் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனபோது, ஜனங்கள் பழகிய கல்வீடே வேண்டும் என்றார்கள், திட்டமும் கைமாறியது. ஆனால் கைமாறியது ஜனங்களின் குரலாலா, டில்லியின் ஆட்சேபத்தாலா என்று நாம் பெருமைப்படுவதற்கு முன் யோசிக்க வேண்டும். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு மின்சாரம் அமைக்கும் வேலை 2021இல் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு நிறுத்தப்பட்டு, இந்தியக் கொடையாக மாறிய கதையிலும் தீவுக்காரர் விளக்குக்குக் காத்திருந்த காலந்தான் நீண்டது. அதே வருஷம் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு நம் வயல்களில் நெற்பயிர் மஞ்சளடித்து நிற்கையில், சீனத்திலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் கிருமி இருக்கிறதென்று திருப்பப்பட்டது. பசளை கரைக்கு இறங்காமலே பணம் மாத்திரம் கொடுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து நனோ யூரியா விமானத்தில் வந்தது. பெரும்போகத்தில் அறுத்தவர்கள் எவ்வளவு அறுத்தார்கள் என்பதை வன்னியில் யாரும் மறக்கவில்லை.

இனி ஏற்பவனுடைய தர்மம். தானம் ஏற்க ஏற்கப் பிராமணனுடைய தேஜஸ் குறையும் என்று மனு எச்சரித்தார். அந்த எச்சரிக்கை வேண்டாமென்று மறுக்க வலிமையுள்ளவனுக்கே பொருந்தும். தறப்பாளுக்குக் கீழே கிடந்தவனிடம் போய் அதைச் சொல்வது அநியாயம். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை அறத்துப்பாலில் வைத்தார். நட்பாராய்தலையும் கூடா நட்பையும் பொருட்பாலில் வைத்தார். அந்த வைப்புமுறையிலேயே நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது என்று கருதுகிறேன். உதவியை மறவாமை ஒரு கடமை. உதவினவனோடு கூட்டுச் சேர்வதா என்று ஆராய்வது வேறொரு கடமை. முதலாவதைச் செய்தவன் இரண்டாவதிலிருந்து விடுபடுவதில்லை. இந்திய வீட்டில் குடியிருப்பவர் நன்றியுடையவராயிருந்துகொண்டே, இந்திய இழுவைப்படகுகள் நம் கடலை வாரிக்கொண்டு போவதைக் கண்டிக்கலாம். சீன வீதியில் போகிறவர் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குப் போன காரணத்தைக் கேட்கலாம். ஒன்றை வாங்கிக்கொண்டால் மற்றதற்கு வாய்மூட வேண்டும் என்று எண்ணுகிறவர் நன்றியை விலைச்சீட்டாக்குகிறார்.

அன்றியும், வீதியும் தண்டவாளமும் தானமே அல்ல. 2022இல் நாடு கடனிறுக்க இயலாதென்று கைவிரித்த பிறகு, 2024ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் இணைத்தலைமை வகித்த கடன் கொடுத்தோர் குழுவோடு பாரிஸிலும், அக்குழுவில் சேராமல் தனித்து நின்ற சீன எக்சிம் வங்கியோடு பீக்கிங்கிலும், ஒரே நாளில் இரண்டு உடன்பாடுகள் செய்யப்பட்டன. அந்தத் தவணைகளை இறுப்பதற்காகவும், அந்த வருஷப் பிறப்பிலிருந்து 18 வீதமாக்கப்பட்ட சேர்பெறுமதி வரியை, நெளுக்குளத்துக் கமக்காரரும் கடையில் சீமெந்துப் பைக்கும் சவர்க்காரத்துக்கும் கொடுத்துவருகிறார். கடனை இறுக்கிறவனிடம் யாரும் நன்றி கேட்க முடியாது. அவனுக்கு உள்ளது கணக்குக் கேட்கும் உரிமை. அந்த உரிமையைப் பாவித்து, வீதிக்கு எவ்வளவு, தண்டவாளத்துக்கு எவ்வளவு, எந்த வட்டி, யார் கையெழுத்து என்று வன்னியிலிருந்து ஒருவர் எழுந்து கேட்பாரானால், டில்லிக்கும் பீக்கிங்கிற்கும் முன்பாகக் கொழும்புதான் பதில் சொல்லியாக வேண்டும்.